நின்ற வண்டியில் விழுந்த ஒன்பது ஒடுக்குகள்

மார்ச் 14, வெள்ளிக்கிழமை. காலை 7 மணி 42 நிமிடம். ஒடுக்குகளின் எண்ணிக்கை: ஒன்பது.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன், உங்கள் வொர்க்‌ஷாப்பின் பின்கொட்டகையில், உங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உங்கள் பழைய முழங்காலும் டாக்டர் வைத்த புது மூட்டும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன என்று நம்புகிறேன். அத்தைக்கு என் வணக்கம். நலம் விசாரித்தாகிவிட்டது, விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் மூன்றாவது வாக்கியத்திலேயே "சரி சரி, பாத்துக்கோ" என்று வைத்துவிடுவீர்கள். இது பாத்துக்கொள்கிற விஷயம் இல்லை. ஆதாரத்தோடு, தேதியோடு, படத்தோடு சொல்ல வேண்டிய விஷயம். இன்று மதியம் கூரியரில் போட்டால் நாளைக் காலை உங்கள் கையில் இருக்கும். நாளை மாலைக்குள் எனக்கு ஒரே ஒரு சொல் பதில் வேண்டும்: "நீக்கு." யாரை என்று கீழே.

ஆபரேஷனுக்குப் போகும்போது என்னிடம் மூன்றை ஒப்படைத்தீர்கள். வொர்க்‌ஷாப் சாவி, உங்கள் பிக்கப், ஃபிட்டர் வாஷர் அண்ணன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கை வாஷரைப் போட்டுக்கொண்டு குலுக்கிக்குலுக்கி நடக்கிற அந்த மனிதரைத்தான் சொல்கிறேன், பத்தொன்பது வருஷமாக உங்களிடம் இருக்கிறாரே, அவர்தான். சாவி பத்திரமாக இருக்கிறது. மற்ற இரண்டும் கெட்டுப்போய்விட்டன. இரண்டாவதைக் கெடுத்தது மூன்றாவது என்பது என் முடிவு.

முதலிலிருந்து சொல்கிறேன். பிப்ரவரி 9 அன்று மலைமேல் வானிலைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் அக்காவைச் செக்கப்புக்கு இறக்கிக்கொண்டு வந்தேனா, எட்டாவது வளைவில் ஒரு கல் வண்டியின் அடிவயிற்றில் மோதி இன்ஜின் எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்பைக் கிழித்துவிட்டது. எண்ணெய் முழுக்கப் பாதையில். போனில் சிக்னல் இல்லை. அக்கா ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்றரைக் கிலோமீட்டர் நடந்தாள், நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால். நடுவில் ஒரு கல்லில் உட்கார்ந்து, "தம்பி, பயமா இருக்குடா" என்றாள். சின்ன வயதில் பாம்பை வாளியில் பிடித்துக் கொண்டுவந்து எனக்குக் காட்டியவள் மாமா அவள். அவள் வாயில் அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. செக்கப் முடிந்ததும், மாற்று ஆள் வரும்வரை கூடத்தைப் பூட்ட முடியாது என்று யாருடைய ஜீப்பிலோ மறுபடி ஏறிப் போய்விட்டாள். அந்த ஜீப்பும் இப்போது படுத்துவிட்டது. மாற்று ஆள் நாளை வருகிறார். அத்தான் கப்பலில் இருக்கிறார். ஆகவே நாளை மறுநாள் ஞாயிறு காலை அவளை இறக்க வேண்டியது நான், உங்கள் பிக்கப்பில், அதே எட்டாவது வளைவு வழியாக. புது சம்பு மாட்டிய வண்டியின் அடியில் மறுபடி கல் அடிக்காமல் தடுக்க ஒரு அடித்தகடு மாட்டியே தீருவது என்று இறங்கியது இதற்காகத்தான். பொழுதுபோக்குக்கு இல்லை.

தகட்டுக்கடைக்குப் போனேன். வார்ப்பாலையில் தரப் பரிசோதகராக நான்கு வருஷம் வேலை பார்ப்பவனிடம் அந்தக் கடைக்காரர் "நாலு எம்.எம். ஸ்டீல் தம்பி, கல்லு அழுவும்" என்றார். பையிலிருந்து தடிமன் அளக்கிற வெர்னியரை எடுத்து வைத்தேன். 3.2. "பெயின்ட்டோட சேர்த்து நாலு" என்றார். பெயின்ட்டோடு சேர்த்துத்தான் 3.2 என்றேன். "தம்பி, மலையில இருக்கிற பாறை கையில வெர்னியரா வச்சிருக்கு?" என்று கடையில் நின்ற மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். சோதனைச் சான்றிதழ் கேட்டேன். கொடுத்தார். அதில் தேதி ஏப்ரல் 2. இன்னும் வராத மாதத்தில் சோதித்த தகட்டை நான் எப்படி வாங்குவது? அடுத்து பிளாஸ்டிக் மாதிரி ஏதோ ஒன்றைக் காட்டி "வெளிநாட்டுல எல்லாரும் இதுதான்" என்றார். எல்லாரும் என்றால் எத்தனை பேர் என்று கேட்டதும் டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியில் நானே மூலையில் தேடி ஐந்து எம்.எம். அலுமினியத் தகடு ஒன்றை எடுத்தேன். ஆறு இடத்தில் அளந்தேன், ஆறிலும் ஐந்து. "இதுவும் நல்ல சரக்குதான், வண்டி முழுசும் இதுமேல ஏறி உட்காரலாம்" என்றார். இவ்வளவு நேரம் ஏன் காட்டவில்லை என்று கேட்டால் பில் புத்தகத்தை எடுத்தார். குறித்துக்கொண்டேன்.

கொட்டகைக்குக் கொண்டுவந்தால் வாஷர் அண்ணன் தகட்டை விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, "அலுமினியமா?" என்றார். யாரோ செத்த செய்தி கேட்ட மாதிரி. "தம்பி, ஸ்டீல் பாறையில வழுக்கும். இது பிடிச்சு இழுக்கும். ஒடுக்கும் விழும்" என்றார். எடை, வலிமை எல்லாம் கணக்குப் போட்டுக் காகிதத்தில் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார், காகிதத்தை மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்தார். "நீங்க படிச்சவரு. மாட்டச் சொன்னா மாட்டுறேன். ஆனா ஒடுக்கு விழும், பாத்துக்கோங்க." மாமா, இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். இது மார்ச் 4, செவ்வாய் மாலை 5.10க்குச் சொன்னது. வழக்கின் அஸ்திவாரமே இதுதான்.

அன்று மாலை மாட்டினார். கொட்டகையைப் பூட்டிச் சாவியை நானே எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து வண்டி ஒரு அடி நகரவில்லை. மீட்டர் எண்ணைத் தினமும் எழுதி வைக்கிறேன், ஒரே எண். மறுநாள் காலை ஆறரைக்குப் பரிசோதனையை ஆரம்பித்தேன். முறையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கிற ஆய்வுக் குழியில் நீங்கள் விட்டுப்போன பழைய இன்ஜின் கிடப்பதால் அது உதவாது. எனவே பாட்டில் ஜாக்கியைத் தகட்டுக்கு அடியில் கொடுத்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, ஜாக்கியையும் அப்படியே விட்டு, இரட்டைப் பாதுகாப்போடு டார்ச்சுடன் கீழே போகிறேன். பாதுகாப்பில் நான் விளையாடுவதில்லை. பார்த்து முடித்ததும் இறக்கிவிட்டு ஆலைக்கு ஓடுகிறேன். புதன்கிழமை தகடு கண்ணாடி மாதிரி இருந்தது. வியாழக்கிழமை ஒரு ஒடுக்கு. வெள்ளிக்கிழமை இரண்டு. சனிக்கிழமை மூன்று. நின்ற இடத்தில் நிற்கிற வண்டிக்கு, மாமா! ஒவ்வொரு ஒடுக்கையும் சாக்பீஸால் வட்டமிட்டு, எண் போட்டு, தேதி எழுதுகிறேன். பழைய ஒடுக்கு எதையும் தொடுவதில்லை. ஜாக்கியைக்கூடத் தினமும் புது இடம் பார்த்துத்தான் வைக்கிறேன், சாட்சியம் கலையக் கூடாதல்லவா.

இப்போது ஒடுக்குகளைக் கவனியுங்கள் (படம் இணைத்திருக்கிறேன்). ஒன்பதும் வட்டம். ஒன்பதும் விட்டம் 38 எம்.எம். ஆழம் இரண்டு. கல் இப்படி அடிக்காது. கல்லுக்கு ஒழுங்கு கிடையாது. எலி, பூனை, காற்று, மழை எதற்கும் 38 எம்.எம். வட்டமாகத் தினம் ஒன்று என்று தவணை முறையில் வேலை செய்யும் பழக்கம் இல்லை. ஆகவே மனிதன். மனிதன், கையில் 38 எம்.எம். தலையுள்ள ஒரு கருவி, "ஒடுக்கு விழும்" என்று முன்கூட்டியே சொன்ன வாய். நான் வேறு என்னத்தை நினைப்பது? சுத்தியல், உளி, சாக்கெட் என்று வொர்க்‌ஷாப்பில் இருந்த 61 கருவிகளையும் ஒவ்வொன்றாக அளந்தேன். ஒன்றுகூட 38 இல்லை. வாஷர் அண்ணனின் பெரிய சுத்தியல் 32. அப்படியென்றால் கருவியை வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறார். இதைவிடச் சந்தேகத்துக்கு இடமானது வேறென்ன இருக்க முடியும்?

அவசரப்பட்டு முடிவு கட்டினேன் என்று நினைக்காதீர்கள். பொறி வைத்தேன். சனிக்கிழமை மாலை கொட்டகைக் கதவின் பூட்டுமேல் காகிதம் ஒட்டி அதில் கையெழுத்துப் போட்டேன். வாசலுக்கு உள்ளே சாக்பீஸ் பொடியைத் தூவினேன். ஞாயிறு காலை காகிதம் கிழியவில்லை. என் கையெழுத்தும் அப்படியே இருந்தது. நான்காவது ஒடுக்கு மட்டும் வந்திருந்தது. பொடியில் ஒரே ஒரு ஜோடி செருப்புத் தடம். அளந்தேன். என் செருப்பு! ஆக, யாரோ என் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், காகிதத்தைக் கிழித்துப் புதிதாக ஒட்டி, என் கையெழுத்தையும் போட்டிருக்கிறார்கள். என் செருப்பு வீட்டு வாசலில் கிடக்கிறது. என் கையெழுத்தை என்னைவிட நன்றாகப் போடத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். என் பாலிசி பத்திரங்களில் எல்லாம் எனக்குப் பதிலாக அவர்தான் போட்டிருக்கிறார். ஆகவே அன்று காலை அப்பாவை உட்காரவைத்துக் கேட்டேன்.

"கொட்டகைக்குப் போனீங்களா?"

"எந்தக் கொட்டகைக்கு?"

"என் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போனீங்களான்னு கேக்குறேன்."

அப்பா பேப்பரை மடித்தார். "டேய், உன் செருப்புக்குள்ள என் காலு நுழையுமாடா?"

அளந்தேன். இரண்டு சென்டிமீட்டர் அதிகம். ஆனால் குதிகாலை வெளியே விட்டுக்கொண்டு நடக்கலாம். சொன்னேன். அன்றிலிருந்து அப்பா என்னிடம் எதற்குமே பதில் சொல்வதில்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம், "அந்த இன்ஸ்பெக்டர் பக்கத்துல இருக்கு, கொஞ்சம் வாங்கிக் குடு" என்கிறார். உங்கள் அக்காவான அம்மாவோ என் செருப்பைத் தூக்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள், வீட்டில் நிம்மதி வேண்டுமாம். ஐந்து நாளாக ஷூ போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறேன். பொடியிலும் ஷூத் தடம்தான் விழுகிறது. அதாவது எதிரி ஷூவுக்கு மாறிவிட்டார்.

நேற்று எட்டாவது ஒடுக்கைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது. ஆலைக்கு இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வாஷர் அண்ணன் வரும்வரை காத்திருந்து நேராகவே கேட்டேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உங்களுக்குத் தெரியும்.

"அண்ணே, அலுமினியம் ஒடுங்கும்னு சொன்னீங்க. உங்க பேச்சு ஜெயிக்கணும்னு நீங்களே தட்டுறீங்களா?"

அவர் கையிலிருந்த வாஷர்களைக் குலுக்குவதை நிறுத்தினார். "தம்பி, எனக்கு உங்ககிட்ட ஜெயிச்சு என்ன ஆகணும்? அப்படியே நான் தட்டுறதா இருந்தாலும் ஒரே தட்டுல கதைய முடிச்சிருப்பேன். எட்டு நாளு எட்டுத் தட்டுன்னு எனக்கென்ன வேற வேலை இல்லையா?"

"அப்ப யாரு?"

"எனக்கென்ன தெரியும்? பூட்டு உங்க கையில, சாவி உங்க கையில."

பாருங்கள், பழியை என் பக்கமே திருப்புகிறார்! முதலாளியிடமிருந்து பதில் வரும்வரை நீங்கள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏப்ரனைக் கழற்றி, நான்காக மடித்து, மேசையில் பொருத்தியிருந்த வைஸ் மேல் வைத்தார். "சம்புக்கும் தகட்டுக்கும் நடுவுல இன்னும் ரெண்டு பட்டை குடுக்கணும் தம்பி, அக்கா வர்ற வண்டி, மறந்துடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. போகிற மனிதர் எதற்காக யோசனை சொல்கிறார்?

நேற்றுச் சாயங்காலம் வானிலைக் கூடத்துப் போனிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "டேய், எனக்கு வண்டி அனுப்புறியா, இல்ல வண்டியப் பத்தி ரிப்போர்ட் அனுப்புறியா?" என்றாள். அப்புறம் கொஞ்சம் மெதுவாக, "ஞாயித்துக்கெழம வந்துருவல்ல?" என்றாள். வருவேன் என்றேன். எந்தத் தகட்டோடு வருவேன், யார் மாட்டிய தகட்டோடு வருவேன் என்பதுதான் எனக்கே தெரியவில்லை. தட்டித்தட்டிப் பலவீனமான தகட்டை நம்பி அவளை அந்த வளைவில் கொண்டுவர என்னால் முடியாது மாமா. இன்று காலை ஒன்பதாவது ஒடுக்கு. வாஷர் அண்ணன் நேற்றே போய்விட்டாரே என்று கேட்பீர்கள். டூப்ளிகேட் சாவி வைத்திருக்கிறார் என்பதற்கு இதுவே சான்று.

டூப்ளிகேட் சாவி என்றதும் நினைவு வருகிறது. ஒன்று உங்களிடமும் இருக்கிறது. புது முழங்காலோடு நானூறு கிலோமீட்டர் வந்து, வண்டிக்கு அடியில் படுத்துத் தட்டிவிட்டு, விடிவதற்குள் திரும்பிப் போவது சாத்தியமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாய்ப்பு மிகக் குறைவு. பூஜ்யம் என்று எழுத என் படிப்பு இடம் தரவில்லை. தவறாக நினைக்க வேண்டாம்.

ஆகவே என் முடிவான கோரிக்கை: வாஷர் அண்ணனை நிரந்தரமாக நீக்குங்கள். பத்தொன்பது வருஷம் என்பது ஆதாரம் இல்லை. அவரா நானா என்று நாளை மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.

புது மூட்டு உங்களை இன்னும் நாற்பது வருஷம் தாங்கட்டும், படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிசியோதெரபி ஆளிடம் அவர் சர்டிபிகேட்டைக் கேட்டுப் பார்த்தீர்களா என்றும் எழுதுங்கள். அத்தைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அப்பாவும் விசாரித்திருப்பார், என்னிடம் பேசியிருந்தால்.

உங்கள் சொல்லை எதிர்பார்த்து,
மருமகன்

பின்குறிப்பு. அதே நாள், காலை 9 மணி 25 நிமிடம். ஒடுக்குகளின் எண்ணிக்கை: பத்து.

கவரை ஒட்டப் போகும் சமயத்தில் வாஷர் அண்ணன் வந்தார். தன்னிடமிருந்த கருவிப்பெட்டிச் சாவியை ஒப்படைக்க வந்தாராம். வண்டி ஸ்டாண்டின் மேல், ஜாக்கியோடு, காலையில் நான் தூக்கி வைத்தபடியே நின்றது. கடிதம் எழுதும் வேகத்தில் இறக்க மறந்திருந்தேன். அவர் குனிந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"தம்பி, ஜாக்கிய எங்க குடுத்திருக்கீங்க?"

"தகட்டுல."

"தினமும் தகட்டுலயா?"

"தினமும். வேற வேற இடத்துல."

"வண்டியவே தாங்குற சட்டம், சேஸிஸ்னு ஒண்ணு இருக்கே தம்பி, அது எதுக்கு இருக்கு?"

ஜாக்கியை மெதுவாக இறக்கினேன். அது உட்கார்ந்திருந்த இடத்தில், மூடியைத் திறந்த மாதிரி, பத்தாவது ஒடுக்கு. வெர்னியரை எடுத்து ஜாக்கியின் தலையை அளந்தேன். 38. வொர்க்‌ஷாப்பில் 61 கருவிகளை அளந்தவன் அறுபத்திரண்டாவதை அளக்காததற்குக் காரணம், அது அப்போது வண்டியைத் தூக்கிக்கொண்டு வேலையில் இருந்ததுதான். ஒடுக்கு விழுகிறதா என்று தினமும் பார்க்கப் போனதில்தான் தினமும் ஒடுக்கு விழுந்திருக்கிறது.

வாஷர் அண்ணன் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, கீழே போய், பத்தாவது ஒடுக்கைச் சுற்றி வட்டம் போட்டு, எண் எழுதி, தேதியும் எழுதினார். என்னைவிட அழகான வட்டம். பிறகு தகட்டை நாலு பக்கமும் தடவிப் பார்த்து, விரலால் சுண்டி, "பத்து வாட்டி பாதி வண்டியத் தாங்கியிருக்கு. எங்கயும் கீறல் விடல. நான்தான் இத லேசா நெனச்சுட்டேன்" என்றார். மாமா, அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற தொனியில் அதைச் சொன்னார். நான் அதற்குள் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பைக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. "அண்ணே, ஏப்ரன் வைஸ் மேலயே இருக்கு" என்று மட்டும்தான் வந்தது. எடுத்துக் கட்டிக்கொண்டார்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஆலையில் தப்பான ரிப்போர்ட்டைக் கிழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, "தவறு" என்று எழுதி, கையெழுத்து வைத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். மேலே உள்ள பக்கங்களில் குறுக்குக்கோடு போட்டிருக்கிறேன், படிக்க முடிகிற அளவுக்கு. கையெழுத்து என்னுடையதுதான். நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு சொல் இனி வேண்டாம். இனி நான் செய்யப்போவது:

1. ஜாக்கியின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் "சேஸிஸில் மட்டும்" என்று எழுதுவேன்.

2. இன்று மாலைக்குள் வாஷர் அண்ணன் சொன்ன இரண்டு பட்டைகளும் தகட்டுக்கு மேல் ஏறிவிடும். அவர் அடிப்பார், நான் டார்ச் பிடிப்பேன். பட்டையின் தடிமனை அளக்க மாட்டேன்.

3. ஒரே ஒரு தடவை அளப்பேன். அவர் டீ குடிக்கப் போகும்போது.

4. கேட்க வேண்டிய மன்னிப்பை டார்ச் பிடித்துக்கொண்டிருக்கும்போது கேட்பேன். அவர் கீழே படுத்திருப்பார், முகம் தெரியாது, இரண்டு பேருக்கும் சுலபம்.

5. வீட்டுக்குப் போய் அப்பாவிடம், பொடியில் விழுந்தது என் தடம்தான், அதில் நடந்ததும் நான்தான் என்று சொல்வேன். அப்பா பேசினால் அம்மாவிடம் என் செருப்பைக் கேட்பேன்.

6. ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்புவோம். எட்டாவது வளைவில் அக்கா கண்ணை மூடிக்கொள்ளலாம், நடக்க வேண்டியிருக்காது.

7. வாஷர் அண்ணனும் எங்களோடு வருகிறார், கேட்காமலேயே. ஓட்டப்போவது அவர். ஜாக்கி அவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். எனக்குத் தரமாட்டாராம்.